பெயர் ஒன்றுதான், ஆள் வேறு!

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கோ வெம்பக்கோட்டைக்கோ பேருந்தில் போகும்போது சன்னல் வழியே பார்த்திருக்கிறீர்களா? கரிசல் காட்டின் நடுவே சின்னச் சின்ன அறைகள் தெரியும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கும். அவை பட்டாசுத் தொழிற்சாலைகள். ஒரே பெரிய கட்டடமாகக் கட்டாமல் ஏன் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள்? ஓர் அறையில் தீப் பிடித்தால் அது அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காகத்தான்.

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த பூமி. பட்டாசுத் தொழில் இங்கே வேரூன்ற அந்த வறட்சியும் ஒரு காரணம். ஆனால் கோடை மழை வந்தாலும் ஐப்பசி மழை வந்தாலும் கூடவே இடியும் மின்னலும் வந்துவிடும். பட்டாசு மருந்துக்கு ஒரு பொறி போதும். மின்னலோ பொறிகளுக்கெல்லாம் தாய்! ஆகவே இடி மின்னல் நெருங்கும்போது மருந்து வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் பாதுகாப்பான இடத்துக்கு விலகிவிட வேண்டும் என்பது இத்தொழிலின் முக்கியமான பாதுகாப்பு விதி.

அப்படியானால் மின்னல் வரப்போகிறது என்ற செய்தி நேரத்தோடு கிடைக்க வேண்டும் அல்லவா? அந்தச் செய்தி கணிப்பொறிகள் வழியாக எப்படிப் பயணம் செய்கிறது, வழியில் எந்த இடத்தில் சத்தமில்லாமல் தொலைந்துபோகக்கூடும் என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

எல்லோருக்கும் ஒரே படிவம்

2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் பலருடைய கைப்பேசிகள் திடீரென்று ஒரே நேரத்தில் அலறியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அது ஆபத்துக்கால எச்சரிக்கைக்கான ஒத்திகை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் எச்சரிக்கை ஏற்பாடு, 'பொது எச்சரிக்கை நெறிமுறை' என்ற உலகப் பொதுப் படிவத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கிலச் சுருக்கத்தில் இதனைக் 'கேப்' என்பார்கள். மழை, புயல், மின்னல், நிலநடுக்கம் என எந்த எச்சரிக்கையானாலும் இதே படிவம்தான். என்ன ஆபத்து, எவ்வளவு கடுமை, எவ்வளவு அவசரம், எந்த இடம், எந்த நேரம் வரை என்று ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு.

இந்தப் படிவத்தை எழுதும் மொழிக்கு எக்ஸ்.எம்.எல். என்று பெயர். 1998 பிப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதை வெளியிட்டது. சிவகாசிக்காரர்களுக்கு எக்ஸ்.எம்.எல். எளிதில் புரியும். பெரிய அட்டைப் பெட்டிக்குள் சிறிய பெட்டிகள், அவற்றுக்குள் இன்னும் சிறிய பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு லேபிள்! அவ்வளவுதான். லேபிளின் பெயரைத் தமிழிலேயே எழுதவும் எக்ஸ்.எம்.எல். இடம் தருகிறது. 'கேப்' படிவத்தில் உண்மையில் இருப்பவை ஆங்கில லேபிள்கள். நாம் புரிந்துகொள்வதற்காக, அதைச் சுருக்கித் தமிழில் எழுதிப் பார்ப்போம்.

<எச்சரிக்கை>
  <செய்தி>
    <நிகழ்வு>இடி மின்னல்</நிகழ்வு>
    <கடுமை>மிகக் கடுமை</கடுமை>
    <இடம்>சிவகாசி வட்டம்</இடம்>
    <முடிவு>மாலை 5 மணி</முடிவு>
  </செய்தி>
</எச்சரிக்கை>

இதை அப்படியே சுவரில் ஒட்டினால் யார் படிப்பார்கள்? பெரிய எழுத்தில், சிவப்பு நிறத்தில், பளிச்சென்று தெரியும்படி மாற்ற வேண்டும். இங்கே சிவகாசியின் இன்னொரு தொழிலை நினைத்துக்கொள்ளுங்கள். காலண்டர் அச்சடிக்கிறார்களே, ஒரே பஞ்சாங்கக் குறிப்பை நாள்தோறும் கிழிக்கும் காலண்டரில் ஒரு விதமாகவும், மாதக் காலண்டரில் வேறு விதமாகவும் அமைக்கிறார்கள். சரக்கு ஒன்று; அமைப்புதான் வேறு. எக்ஸ்.எம்.எல். சரக்கை இப்படி வேறு வேறு அமைப்புக்கு மாற்றித் தரும் மொழி எக்ஸ்.எஸ்.எல்.டி. ஜேம்ஸ் கிளார்க் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1999 நவம்பரில் இது வெளிவந்தது. இந்த மொழியில் எழுதும் தாளை ஸ்டைல்ஷீட் என்பார்கள். நாம் 'கட்டளைத் தாள்' என்று சொல்லிக்கொள்வோம்.

கட்டளைத் தாளில் பல விதிகள் இருக்கும். 'கடுமை என்ற லேபிளைக் கண்டால் அதில் உள்ளதைச் சிவப்பில் எழுது', 'இடம் என்ற லேபிளைக் கண்டால் பெரிய எழுத்தில் எழுது' என்பதுபோல. இந்த விதி ஒவ்வொன்றும் ஒரு 'டெம்ப்ளேட்'. கணிப்பொறி பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த லேபிளுக்கு எந்த விதி பொருந்துகிறது என்று பார்த்து, அதன்படி செய்யும்.

திரை ஏன் வெறுமையாக இருக்கிறது?

ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வைப்பதற்கு நீங்கள் ஓர் அறிவிப்புத் திரை செய்வதாக வைத்துக்கொள்வோம். மருந்து அறைகளுக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. ஆகவே அலுவலகத் திரையைப் பார்த்துத்தான் மேற்பார்வையாளர் மற்றவர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும். மேலே உள்ள எச்சரிக்கையை வைத்து நீங்கள் கட்டளைத் தாளைச் சோதித்துப் பார்க்கிறீர்கள். அருமையாக வேலை செய்கிறது! பிறகு உண்மையான எச்சரிக்கையைக் கொடுக்கிறீர்கள். அதே லேபிள்கள், அதே அமைப்பு. ஆனால் திரையில் தலைப்பு மட்டும் வருகிறது. அதன் கீழே ஒன்றுமே இல்லை. கணிப்பொறி 'பிழை' என்றும் சொல்லவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையான எச்சரிக்கையின் முதல் வரியில் மட்டும் ஒரு சிறு வேறுபாடு இருக்கும்.

<எச்சரிக்கை பெயர்வெளி="பொது-எச்சரிக்கை-1.2">

('பெயர்வெளி' என்று நாம் எழுதிய இடத்தில் உண்மையான ஆவணங்களில் எக்ஸ்.எம்.எல்.என்.எஸ். என்ற சொல் வரும்.) இந்த ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் காரணம். எப்படி?

வகுப்பில் இரண்டு செல்விகள்

உங்கள் வகுப்பில் செல்வி என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஆசிரியர் என்ன செய்கிறார்? இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிடுகிறார். மு. செல்வி, க. செல்வி. 'மு' என்ற எழுத்து வெறும் அடையாளம். அதற்குப் பின்னால் முத்தையா என்ற தந்தையின் முழுப் பெயர் இருக்கிறது. பக்கத்துப் பள்ளியிலும் ஒரு மு. செல்வி இருக்கலாம். அவள் முருகனின் மகள். எழுத்து ஒன்றாக இருந்தும் ஆள் வேறு! வீட்டில் அவளை யாராவது 'மு. செல்வி' என்று கூப்பிடுகிறார்களா? வெறும் செல்விதான். அதற்காக அவள் முத்தையாவின் மகள் இல்லை என்று ஆகிவிடுமா?

எக்ஸ்.எம்.எல். லேபிள்களுக்கும் இதே சிக்கல் வந்தது. 'தலைப்பு' என்ற லேபிளைப் புத்தகக் கடைக்காரரும் பயன்படுத்துவார். படம் வரைபவரும் பயன்படுத்துவார். இரண்டும் ஒரே ஆவணத்தில் கலந்தால் குழப்பம். எனவே 1999 ஜனவரியில் லேபிள்களுக்கு ஒரு 'தந்தை பெயர்' கொடுக்கும் முறை வந்தது. இதுதான் 'நேம்ஸ்பேஸ்', தமிழில் பெயர்வெளி. உலகில் இன்னொருவருக்கு இல்லாத ஒரு முகவரியை இதற்குப் பெயராக வைத்துக்கொள்வது வழக்கம். இனிஷியல் போன்ற சிறு எழுத்தை 'முன்னொட்டு' என்கிறோம்.

இப்போது மூன்று உண்மைகளை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஒரு பெட்டியின் முழுப் பெயர் என்பது முகவரியும் லேபிளும் சேர்ந்தது. முன்னொட்டு எதுவாக இருந்தாலும் கவலையில்லை. ஒருவர் 'எ:கடுமை' என்றும் இன்னொருவர் 'க:கடுமை' என்றும் எழுதலாம். இரண்டு முன்னொட்டுகளும் ஒரே முகவரியைக் குறித்தால் இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே பெயர்தான்.

இரண்டு: வெளிப் பெட்டியில் முன்னொட்டு இல்லாமல் ஒரு முகவரியை எழுதிவிட்டால், உள்ளே இருக்கும் முன்னொட்டில்லாத பெட்டிகள் எல்லாவற்றுக்கும் அது சொந்தமாகிவிடும். வீட்டுக்குள் இனிஷியல் இல்லாமல் கூப்பிடுவதுபோல. நம் எச்சரிக்கையில் நடந்தது இதுதான்.

மூன்று: இதுதான் பலரையும் வழுக்கி விழவைக்கும் இடம். எக்ஸ்.எஸ்.எல்.டி. முதல் பதிப்பில், கட்டளைத் தாளின் விதியில் முன்னொட்டு இல்லாமல் 'கடுமை' என்று எழுதினால், 'எந்த முகவரியும் இல்லாத கடுமை' என்றே கணிப்பொறி பொருள் கொள்ளும். 'தந்தை பெயரே இல்லாத செல்வி எங்கே?' என்று கேட்பதுபோல! வகுப்பில் அப்படி யாரும் இல்லையே. யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள்.

நோயைக் காட்டும் இரண்டு குறிகள்

இந்தக் கோளாறு இரண்டு விதமாக வெளிப்படும்.

முதல் குறி வெறுமை. 'எச்சரிக்கைக்குள் செய்தி, அதற்குள் கடுமை. அதை எடுத்து வா' என்று நீங்கள் வழி சொல்லி அனுப்புகிறீர்கள். அந்த வழியில் ஒரு பெட்டியும் அகப்படவில்லை. கணிப்பொறி வெறுங்கையோடு திரும்பி வரும். அதன் கணக்கில் பூஜ்ஜியமும் ஒரு விடைதான், பிழை அன்று.

இரண்டாவது குறி, எழுத்துகள் எல்லாம் கலைந்து, அலங்காரம் இல்லாமல் வரிசையாகக் கொட்டிக் கிடப்பது. 'இடி மின்னல் மிகக் கடுமை சிவகாசி வட்டம் மாலை 5 மணி' என்று நிறமும் இல்லாமல் அளவும் இல்லாமல் வரும். இது எப்படி நேர்கிறது? எந்த விதியும் பொருந்தாத பெட்டிகளுக்கென்று எக்ஸ்.எஸ்.எல்.டி.யில் ஏற்கெனவே ஓர் உள்ளமைந்த விதி உண்டு. 'பெட்டியைத் திற, உள்ளே போ, எழுத்தைக் கண்டால் அப்படியே வெளியே வை' என்பது அந்த விதி. ஆகவே எழுத்துகள் கொட்டிக் கிடப்பதைக் கண்டால், 'என் விதி ஒன்றும் பொருந்தவில்லை, உள்ளமைந்த விதிதான் ஓடியிருக்கிறது' என்று உடனே தெரிந்துகொள்ளுங்கள்.

மருந்து என்ன?

கட்டளைத் தாளின் தொடக்கத்தில், 'எ என்றால் பொது-எச்சரிக்கை-1.2' என்று ஒரு முன்னொட்டை அறிவித்துவிடுங்கள். பிறகு விதிகளில் எல்லாம் 'எ:எச்சரிக்கை', 'எ:செய்தி', 'எ:கடுமை' என்று எழுதுங்கள். எச்சரிக்கை ஆவணத்தில் முன்னொட்டே இல்லையே என்று தயங்க வேண்டாம். முகவரி ஒன்றாக இருந்தால் போதும். ஆனால் வழியின் ஒவ்வொரு படியிலும் முன்னொட்டு வேண்டும். 'எ:எச்சரிக்கை' என்று தொடங்கிவிட்டு அடுத்த படியில் வெறும் 'செய்தி' என்று எழுதினால் மீண்டும் வெறுங்கைதான்!

'கட்டளைத் தாளின் மேலேயும் முன்னொட்டில்லாமல் அதே முகவரியை எழுதிவிட்டால் போதாதா?' என்று சிலர் கேட்பார்கள். போதாது. முதல் பதிப்பில் அது நீங்கள் புதிதாக எழுதி வெளியிடும் பெட்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். தேடும் பெயர்களுக்குப் பொருந்தாது. இந்தத் தொல்லையைக் கண்டுதான் 2007-இல் வந்த இரண்டாம் பதிப்பில், 'முன்னொட்டில்லாத பெயர்களை இந்த முகவரியில் தேடு' என்று சொல்ல ஒரு தனி வசதி செய்தார்கள்.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. 'முகவரி எதுவானாலும் சரி, லேபிளில் கடுமை என்று இருந்தால் எடு' என்று எழுதலாம். வேலை நடக்கும், ஆபத்தும் உண்டு. எச்சரிக்கைகளை வரிசையாகத் தருவதற்கு 'ஆட்டம்' என்ற செய்தி ஓடைப் படிவத்தைப் பயன்படுத்துவது உண்டு. அதில் 'வகை' என்ற பொருளுள்ள ஒரு லேபிள் இருக்கிறது. 'கேப்' படிவத்திலும் அதே ஆங்கிலச் சொல் லேபிளாக இருக்கிறது. ஓடையில் உள்ள வகை, செய்தியைத் தொகுப்பவர் வைத்த பிரிவு. 'கேப்'பில் உள்ள வகை, ஆபத்து வானிலையைச் சேர்ந்ததா, தீயைச் சேர்ந்ததா என்பது. முகவரியைப் பார்க்காமல் எடுத்தால் எந்தச் செல்வி எழுந்து நிற்பாள்? பெயர்வெளியை எதற்காகக் கண்டுபிடித்தார்களோ, அந்தப் பயனையே இந்தக் குறுக்கு வழி அழித்துவிடுகிறது.

ஓர் எண் மாறினால்

முகவரியைக் கணிப்பொறி எப்படி ஒப்பிடுகிறது? எழுத்துக்கு எழுத்து. ஒரு சாய்கோடு கூடினாலும், ஆங்கிலத்தில் சிறிய எழுத்து பெரிய எழுத்தாக மாறினாலும் அது வேறு முகவரி. இணைய முகவரிபோல் தோன்றினாலும் கணிப்பொறி அங்கே போய்ப் பார்ப்பதில்லை. அது வெறும் பெயர்.

'கேப்' படிவத்தின் கதையே இதற்கு நல்ல சான்று. அதன் 1.1 பதிப்பு 2005-இலும் 1.2 பதிப்பு 2010-இலும் வந்தன. லேபிள்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. ஆனால் பெயர்வெளி முகவரியின் கடைசியில் இருந்த 1.1 என்பது 1.2 ஆகிவிட்டது. பழைய முகவரிக்கு எழுதிய கட்டளைத் தாளில் புதிய எச்சரிக்கையைக் கொடுத்தால் என்ன ஆகும்? நம் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். கணிப்பொறிக்கோ ஒரு பெட்டிகூடத் தெரிந்த பெட்டி இல்லை. நேற்று வரை நன்றாக ஓடிய திரை இன்று ஊமையாகிவிடும்.

மௌனத்தைச் சோதிப்பது எப்படி?

இப்போது அந்த மேற்பார்வையாளரை நினைத்துப் பாருங்கள். திரையில் ஒன்றும் இல்லை. 'மின்னல் எச்சரிக்கை இல்லை. வேலை நடக்கட்டும்' என்று அவர் நினைப்பார். ஆனால் உண்மை என்ன? எச்சரிக்கை வந்திருக்கிறது, திரைக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை! 'எச்சரிக்கை இல்லை' என்பதும் 'எச்சரிக்கையைப் படிக்க முடியவில்லை' என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே வெறுமையாகக் காட்டும் திரை, திரையே இல்லாததைவிட மோசமானது. திரை இல்லாவிட்டால் அவர் வானத்தையாவது அண்ணாந்து பார்த்திருப்பார்.

ஆகவே உங்கள் கட்டளைத் தாளில் இரண்டு காவல்காரர்களை நிறுத்துங்கள்.

முதல் காவல்காரர், 'எந்தப் பெட்டியானாலும்' என்று சொல்லும் ஒரு பொது விதி. வேறு விதி பொருந்தாத பெட்டி வந்தால், 'இந்த முகவரியில் உள்ள இந்த லேபிளை எனக்குத் தெரியாது' என்று திரையில் எழுதச் சொல்லுங்கள். இவர் மற்ற விதிகளுக்குக் குறுக்கே வருவாரோ என்ற பயம் வேண்டாம். இரண்டு விதிகள் பொருந்தும்போது எது வெல்லும் என்பதற்கு எக்ஸ்.எஸ்.எல்.டி.யில் மதிப்பெண் உண்டு. 'எந்தப் பெட்டியானாலும்' என்ற விதிக்கு மைனஸ் 0.5, 'இந்த முகவரியில் உள்ள எதுவானாலும்' என்பதற்கு மைனஸ் 0.25, குறிப்பிட்ட பெயருக்கு 0, 'செய்திக்குள் இருக்கும் கடுமை' என்பதுபோல் வழியோ நிபந்தனையோ சேர்ந்திருந்தால் 0.5. அதிக மதிப்பெண் வெல்லும். பொது விதி எப்போதும் கடைசி வரிசைக்காரர்தான்.

ஆனால் நீங்களே வழி சொல்லி ஆள் அனுப்பி, அவர் வெறுங்கையோடு திரும்பும்போது இந்தக் காவல்காரருக்கு வேலையே வராது. அதற்காகத்தான் இரண்டாவது காவல்காரர். ஆவணம் கைக்கு வந்தவுடன், அதன் வெளிப் பெட்டி நாம் எதிர்பார்த்த முழுப் பெயர் உடையதுதானா என்று இவர் முதலில் பார்ப்பார். இல்லையென்றால் 'படிக்க முடியவில்லை. வானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதுவார்.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியில் லினக்ஸ் கணிப்பொறி இருந்தால் 'எக்ஸ்.எஸ்.எல்.டி.பிராக்' என்ற இலவச நிரலை ஆசிரியரின் உதவியோடு நிறுவிக்கொள்ளுங்கள். மேலே உள்ள எச்சரிக்கையையும், 'கடுமை'க்கு ஒரு விதி உள்ள கட்டளைத் தாளையும் எழுதுங்கள்.

1. முகவரி இல்லாமல் ஓட்டுங்கள். விதி பொருந்தும்.
2. எச்சரிக்கையின் முதல் வரியில் முகவரியைச் சேர்த்து ஓட்டுங்கள். விதி பொருந்தாது, எழுத்துகள் கொட்டும்.
3. கட்டளைத் தாளில் 'எ' முன்னொட்டை அறிவித்து, விதியை 'எ:கடுமை' என்று மாற்றுங்கள். மீண்டும் பொருந்தும்.
4. எச்சரிக்கையில் 'க' என்ற முன்னொட்டை அதே முகவரிக்கு அறிவித்து, லேபிள்களின் தொடக்கத்திலும் முடிவிலும் அதைச் சேருங்கள். கட்டளைத் தாளைத் தொட வேண்டாம். என்ன ஆகும்? ஓட்டுவதற்கு முன்பே ஊகித்து எழுதி வையுங்கள்.
5. முகவரியில் 1.2 என்பதை 1.3 ஆக்குங்கள். இப்போது?

நான்காவது சோதனையில் திரை வேலை செய்வதையும் ஐந்தாவதில் வேலை செய்யாததையும் காண்பீர்கள். காரணத்தை உங்கள் நண்பனுக்கு இரண்டு செல்விகளின் கதையைக் கொண்டே விளக்கிச் சொல்லுங்கள். பிறகு அந்த இரண்டு காவல்காரர்களையும் சேர்த்து, ஐந்தாவது சோதனையை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். இந்த முறை திரை மௌனமாக இருக்காது.